எந்தத் தெரு மூழ்கும், ஏன்? சென்னையின் தரைமட்டமும் வெள்ளமும்: கேள்வி பதில்

சென்னையும் அதன் புறநகரும் தாழ்நிலத்தில் எப்படிப் பரவின, தண்ணீர் எங்கே தேங்குகிறது, மனை வாங்குபவரும் ஏற்கெனவே குடியிருப்பவரும் எதைப் பார்க்க வேண்டும் என்று உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு, மழைநீர் வடிகால் வடிவமைக்கும் பொறியாளர் ஒருவர் தரும் பதில்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டோம்.

மந்தைவெளியிலிருந்து: சார், சென்னையே தட்டையான ஊர் என்கிறார்கள். அப்படியென்றால் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது இரண்டு தெரு தள்ளி மட்டும் எப்படிக் காய்ந்து கிடக்கிறது?

தட்டையாக இருப்பதால்தான். சரிவு நன்றாக உள்ள ஊரில் ஓரடி ஏற்ற இறக்கத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள், தண்ணீர் எப்படியும் ஓடிவிடும். இங்கே பெரும்பாலான இடங்கள் கடல் மட்டத்திலிருந்து பத்து மீட்டருக்குள். அப்படிப்பட்ட நிலத்தில் ஓரடி என்பதே மேடு, ஓரடி என்பதே பள்ளம்.

கடற்கரையிலிருந்து மேற்கே போனால் நிலம் சீராக ஏறாது. ஒரு மணல் மேடு, பிறகு நீளவாக்கில் ஒரு பள்ளம், பிறகு இன்னொரு பழைய மணல் மேடு என்று வரும். கடல் விலகிய காலங்களில் விட்டுப்போன பழைய கரைகள் இவை. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், திருவான்மியூர் போன்ற பழைய ஊர்கள் பெரும்பாலும் இந்த மேடுகளை ஒட்டியே அமைந்தன. மணல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், கிணற்றில் நல்ல தண்ணீரும் கிடைக்கும். 1639-இல் நிலம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டை கட்டியதும் கூவம் முகத்துவாரத்துக்கு வடக்கே இருந்த மணல் பட்டையில்தான். மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் உப்பங்கழிகள் கிடந்தன. அவற்றை இணைத்துத்தான் பிறகு பக்கிங்காம் கால்வாய் வந்தது.

கடலை விட்டு உள்ளே போனால் ஏரிகளின் கணக்கு. பழைய கிராமம் ஒன்றின் அமைப்பு இதுதான்: மேலே நீர்ப்பிடிப்பு, அதன் கீழே ஏரி உள்வாய், பிறகு கரை, கரைக்குக் கீழே நஞ்சை, நஞ்சையின் ஓரமாகக் கொஞ்சம் மேட்டில் நத்தம். வீடுகள் நத்தத்தில் மட்டும் இருந்தன. மதகைத் திறந்தால் தண்ணீர் தானாகப் பாய வேண்டும் என்பதற்காகவே நஞ்சை ஏரியைவிடத் தாழ்வான இடத்தில் இருந்தது. நகரம் வந்து சேர்ந்தபோது நத்தத்தில் இடம் இல்லை. ஏக்கர் கணக்கில் தட்டையாக, ஒரே பட்டாவில், மலிவாகக் கிடைத்தது நஞ்சைதான். மனை போட அதைவிட வசதியான நிலம் எது? ஆக, இன்றைய புறநகர் குடியிருப்புகளில் கணிசமானவை தண்ணீர் பாய்வதற்கென்றே தேர்ந்தெடுத்த மட்டத்தில் இருக்கின்றன. உங்கள் தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இப்படி ஏதாவது ஒரு பழைய எல்லைக்கோடுதான்.

அம்பத்தூரிலிருந்து: கைபேசியில் கூகுள் எர்த் காட்டும் உயரத்தை வைத்து மனையின் மட்டத்தைத் தெரிந்துகொள்ளலாமா?

கூடாது. செயற்கைக்கோள் தரவில் உயரத்தின் பிழையே சில மீட்டர் இருக்கும். கட்டடக் கூரையையும் மரத்தையும் சில இடங்களில் தரை என்று எடுத்துக்கொள்ளும். உங்களுக்குத் தேவையானது அரை அடித் துல்லியம். மலைக்கும் சமவெளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கக் கூகுள் எர்த் போதும், வாசற்படி உயரத்தை முடிவு செய்யப் போதாது.

பக்கத்து வீட்டோடு ஒப்பிட வேண்டுமானால் டியூப் லெவல் போதும். கொத்தனார் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் அதே உள்ளே தெரியும் குழாய்தான், ஆனால் குழாய்க்குள் காற்றுக்குமிழ் ஒன்றுகூட இருக்கக் கூடாது, இருந்தால் அளவு பொய் சொல்லும். அரை கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு ஆட்டோ லெவல் கருவியோடு சர்வேயரை அழையுங்கள். கருவியிலிருந்து அளவுகோல் 40–50 மீட்டருக்கு மேல் போகாமல், முன்னும் பின்னும் சம தூரத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். கடைசியில் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து முடிக்க வேண்டும். முதல் அளவுக்கும் கடைசி அளவுக்கும் இரண்டு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அரை நாள் வேலை.

வரதராஜபுரம் பக்கம் மனை பார்ப்பவர்: அண்ணா, மனைப்பிரிவுக்கு அனுமதி இருக்கிறது, வங்கிக் கடனும் கிடைக்கும் என்கிறார்கள். இதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும்?

மனைப்பிரிவு அனுமதி சாலை அகலத்தையும் திறந்தவெளியையும் நில உபயோகத்தையும் பார்க்கிறது. வங்கியின் வக்கீல் உரிமைப் பத்திரத்தைப் பார்க்கிறார். மட்டத்தை வாங்குபவர்தான் பார்த்தாக வேண்டும். நான் இந்த வரிசையில் பார்க்கச் சொல்வேன்.

முதலில் அ-பதிவேடு, அதாவது கிராமத்தின் நிலப் பதிவேடு. சர்வே எண்ணைப் போட்டால் இணையத்திலேயே சாரம் கிடைக்கும். நஞ்சையா புன்செய்யா என்று பாருங்கள். முழுப் பதிவில் எந்தப் பாசன ஆதாரம் என்பதும் இருக்கும். நஞ்சை என்றால் மேலே ஓர் ஏரி இருக்கிறது அல்லது இருந்தது என்று பொருள். அடுத்து கிராம வரைபடம். உங்கள் சர்வே எண்ணைச் சுற்றி ஓடை, வாய்க்கால், தாங்கல் (சிறு ஏரி) என்று குறித்திருக்கிறதா, அவை இப்போது தரையில் இருக்கின்றனவா என்று நடந்து பாருங்கள். வரைபடத்தில் இருந்து தரையில் இல்லாத வாய்க்கால்தான் ஆபத்தானது. வாய்க்கால் மறைந்தாலும் மழைக்கு வழி மறக்காது.

மூன்றாவதாக, மேலே உள்ள ஏரியின் கலங்கல். ஏரி நிறைந்தபின் உபரி நீர் வழிந்து போகும் வாய் அது. கலங்கலிலிருந்து போக்குக் கால்வாய் எந்த வழியாக அடையாற்றுக்குப் போகிறது என்று கடைசி வரை பின்தொடருங்கள். அது உங்கள் மனைப்பிரிவின் நடுச்சாலையாக மாறியிருந்தால் பேச்சுக்கே இடமில்லை, வேறு மனை பாருங்கள். கால்வாய் பிழைத்திருந்தால் குறுக்கே எத்தனை சிறுபாலங்கள், ஒவ்வொன்றின் வாய் எவ்வளவு என்று அளவெடுங்கள். மேலே 6 மீட்டர் அகலத்தில் வரும் கால்வாயின் குறுக்கே இரண்டு 900 மி.மீ. குழாய்களைப் போட்டு மண் மூடிய பாலம் ஒன்று இருந்தால், வெள்ளத்தின்போது அந்தப் பாலம்தான் அணை. உங்கள் மனை அதற்கு மேல்புறமா கீழ்ப்புறமா என்பதை வைத்துத்தான் மிச்சம்.

நான்காவதாக, நீர்வளத் துறை வெள்ளநீர் தேங்குவது குறித்துத் தரும் தடையின்மைச் சான்று. பெரும்பாலும் நிலத்தை எந்த மட்டம் வரை உயர்த்த வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கும். மனை விற்பவரிடம் அதன் நகலைக் கேளுங்கள். நிபந்தனை காகிதத்தில் மட்டும் நிறைவேறியிருப்பது சாதாரணம். சாலை ஓரத்தில் மட்டும் கிராவல் கொட்டிவிட்டு உள்ளே பழைய வயல் மட்டத்திலேயே விட்டிருப்பார்கள்.

கடைசியாக, ஆட்கள். 2015 டிசம்பர் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று பால் பூத்திலும் ரேஷன் கடையிலும் கேளுங்கள். மனை விற்பவரின் உறவினரிடம் கேட்காதீர்கள். மதில் சுவர்களின் கோட்டையும், பக்கத்து வீடுகளில் மின் மீட்டர் பெட்டியை எந்த உயரத்தில் மாற்றிப் பொருத்தியிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். மீட்டரை ஐந்தடிக்கு மேல் தூக்கி வைத்திருக்கும் தெருவில் வேறு சாட்சி வேண்டாம்.

மேற்கு மாம்பலத்திலிருந்து: தி.நகரும் மாம்பலமும் நூறு வருட ஊர். புறநகர் மாதிரி நேற்று முளைத்ததில்லை. இங்கேயும் ஏன் தேங்குகிறது?

ஏரிக்குள் ஊர் கட்டும் பழக்கத்தைச் சென்னை தொடங்கி வைத்ததே உங்கள் பகுதியில்தான். மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை, நீண்ட ஏரி ஒன்று இருந்தது. 1920-களில் அதன் ஒரு பகுதியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் வந்தது. நுங்கம்பாக்கம் பகுதியில் எஞ்சிய ஏரியும் பிறகு மெல்ல மறைந்தது. 1976-இல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஏரி இருந்த நிலத்தில்தான். லேக் வியூ ரோட்டில் இன்று லேக்கும் இல்லை, வியூவும் இல்லை.

ஏரியைத் தூர்க்கும்போது மேலே மண் போடுகிறோமே தவிர, சுற்றியுள்ள நிலம் அதை நோக்கித்தான் சரிகிறது. இன்று அந்தத் தண்ணீருக்கு உள்ள முக்கிய வழி, வள்ளுவர் கோட்டம் பக்கம் தொடங்கி தி.நகர் வழியாக நந்தனம் அருகே அடையாற்றில் சேரும் மாம்பலம் கால்வாய். ஒரு ஏரி தேக்கி வைத்திருந்த தண்ணீரை ஒரு கால்வாய் உடனுக்குடன் கடத்த வேண்டும். அடையாறு நிரம்பி ஓடும்போது கால்வாயின் வாயே மூழ்கிவிடும், கால்வாய் அப்படியே நிற்கும். 2021 நவம்பரில் அந்தப் பகுதி பட்ட பாட்டில், கால்வாய்க்குள் கிடந்த கட்டட இடிபாடுகளுக்கும் பங்கு உண்டு.

சைதாப்பேட்டையிலிருந்து: 2015 வெள்ளத்துக்கு ஒரே காரணம் செம்பரம்பாக்கம் திறப்புதானே? நேராகச் சொல்லுங்கள் ஐயா.

பெரிய காரணம், ஒரே காரணம் அல்ல. செம்பரம்பாக்கத்தின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, முழு உயரம் 24 அடி. நவம்பர் மழையிலேயே ஏரி நிரம்பியிருந்த நிலையில், டிசம்பர் 1 அன்று திறப்பு படிப்படியாக நொடிக்கு 29,000 கன அடி வரை உயர்ந்தது. அதாவது சுமார் 820 கன மீட்டர். வரப்போகும் மழைக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்காமல் வைத்திருந்தது தவறு என்ற விமர்சனம் நியாயமானது. குடிநீர் ஏரி என்பதால் நிறைத்து வைக்கும் ஆசை யாருக்கும் வரும், ஆனால் டிசம்பர் முதல் தேதியில் அந்த ஆசைக்கு விலை அதிகம்.

மறுபக்கம் பாருங்கள். அந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தது, செம்பரம்பாக்கத்தில் 47. அடையாறு செம்பரம்பாக்கத்தில் தொடங்கவில்லை. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக வந்து, திருநீர்மலை அருகேதான் செம்பரம்பாக்கம் தண்ணீரோடு சேர்கிறது. அந்த மேல் பகுதியில் 100 சதுர கி.மீ.யை மட்டும் எடுத்துக்கொண்டு, 49 செ.மீ.யில் எழுபது சதவீதம் ஓடி வந்தது என்று வைத்தால்கூட, நாள் முழுவதும் சராசரியாக நொடிக்கு 400 கன மீட்டர் வரும். உச்ச நேரத்தில் இன்னும் அதிகம். முடிச்சூர் மூழ்கியது செம்பரம்பாக்கம் தண்ணீரால் அல்ல என்பதை வரைபடமே சொல்லும். அது சங்கமத்துக்கு மேலே இருக்கிறது.

மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் ஆகிய இடங்களில் இரண்டும் சேர்ந்து அடித்தன. அங்கெல்லாம் ஆறு எப்போதாவது விரிவதற்கு வைத்திருந்த படுகையில் கட்டடம் வந்துவிட்டது. விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதையே ஆற்றின் மேல் பாலம் போட்டுத்தான் நீள்கிறது. விரிய இடம் இல்லாத ஆறு உயரும், அவ்வளவுதான்.

வேளச்சேரியிலிருந்து: மழை நின்று மூன்று நாள் ஆனாலும் எங்கள் பகுதியில் தண்ணீர் வடிவதில்லை. கடல் ஆறு கிலோமீட்டர்தான். ஏன் நேராகப் போகாது?

இதுதான் தென்சென்னையின் முழுச் சிக்கல், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

உங்களுக்கும் கடலுக்கும் நடுவே திருவான்மியூரிலிருந்து தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலை ஓடும் மணல் மேடு இருக்கிறது. தண்ணீர் அதை ஏறிக் கடக்காது. பரங்கிமலை, பல்லாவரம், நன்மங்கலம் பாறைக் குன்றுகளிலிருந்தும், ஆதம்பாக்கம் தொடங்கி முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளிலிருந்தும் வரும் நீர் எல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பில்தான் இறங்குகிறது. மொத்தம் சுமார் 250 சதுர கி.மீ. பரப்பு. சதுப்பு ஒரு தாம்பாளம் மாதிரி, அதற்கு உள்ள முதன்மையான ஓட்டை ஒக்கியம் மடுவு. அங்கிருந்து தண்ணீர் கிழக்கே கடலுக்குப் போகாமல் பக்கிங்காம் கால்வாயில் ஏறி, தெற்கே சுமார் 15 கி.மீ. போய், முட்டுக்காடு முகத்துவாரத்தில்தான் கடலைத் தொடுகிறது.

சதுப்பு நீர்மட்டத்துக்கும் கடல் மட்டத்துக்கும் ஒன்றரை மீட்டர் வித்தியாசம் என்று வையுங்கள். 15 கி.மீ.க்கு ஒன்றரை மீட்டர் என்றால் சரிவு பத்தாயிரத்தில் ஒன்று. இப்படிப்பட்ட சரிவில் தண்ணீர் ஓடாது, நகரும். 250 சதுர கி.மீ.யில் 20 செ.மீ. மழை பெய்து பாதி ஓடி வந்தால் 2.5 கோடி கன மீட்டர். வெளியே போவது நொடிக்கு 100 கன மீட்டர் என்றாலும் வடிய மூன்று நாள் ஆகும். நீங்கள் சொன்ன மூன்று நாள் கணக்கோடு ஒத்துப்போகிறதா?

முன்பு சதுப்பு சுமார் 5,000 ஹெக்டேர் பரவியிருந்தபோது இதே தண்ணீர் முழங்கால் ஆழத்திலேயே பரந்து நின்று, யாரையும் தொந்தரவு செய்யாமல் டிசம்பர் முழுக்க மெல்ல வடிந்தது. பெருங்குடிக் குப்பைக் கிடங்கு, ஆராய்ச்சி நிறுவனங்கள், குடியிருப்புகள், சதுப்பின் குறுக்கே போகும் பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலை எல்லாம் சேர்ந்து அதைச் சுருக்கின. 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடானது. 2022-இல் 1,247 ஹெக்டேர் ராம்சார் தலமானது, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம். பரப்பு குறைந்தால் அதே அளவு தண்ணீர் உயரமாக நிற்கும், அந்த உயரம் வீராங்கல் ஓடை வழியாக வேளச்சேரிக்குத் திரும்புகிறது. வேளச்சேரி ஏரியே 265 ஏக்கரிலிருந்து சுமார் 55 ஏக்கராகச் சுருங்கியது தனிக்கதை.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இன்னொன்றும் சேர்ந்தது. புயல் கரைக்கு அருகே நகரும்போது கடல் மட்டமும் உயர்கிறது. இருந்த ஒன்றரை மீட்டரில் அரை மீட்டர் போனால் மூன்றில் ஒரு பங்கு சரிவு போயிற்று.

துரைப்பாக்கத்திலிருந்து: அப்படியானால் நீலாங்கரைப் பக்கம் மணல் மேட்டை வெட்டி நேர்க்கால்வாய் போட்டால் தீர்ந்தது இல்லையா?

யோசனை பழையது, உதவவும் செய்யும். ஆனால் வெட்டுவது எளிது, வாயைத் திறந்து வைப்பதுதான் வேலை. இந்தக் கடற்கரையில் அலைகள் மணலை ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. துறைமுகம் கட்டியபின் அதன் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்ததும் அதனால்தான். அடையாறு, கூவம் முகத்துவாரங்களே வறட்சி மாதங்களில் மணல் திட்டால் அடைபடுகின்றன. சிறு கால்வாயின் வாய் இன்னும் சீக்கிரம் மூடும். செப்டம்பர் இறுதிக்குள் வாயைத் தூர்வாரும் வேலையை ஒவ்வொரு வருடமும் செய்ய ஆளும் பணமும் ஒதுக்கினால் மட்டுமே நேர்க்கால்வாய் பயன்படும். மறுபுறம், அது கடல்நீரை உள்ளே விடும். கோடையில் ஷட்டர் வேண்டும்.

பெரம்பூரிலிருந்து: எங்கள் தெருவில் போன வருடம்தான் மூன்றடிக்கு மூன்றடி மழைநீர் வடிகால் கட்டினார்கள். இந்த வருடமும் தேங்கியது. கட்டியதே வீணா?

மூன்றடி அகலம், மூன்றடி ஆழம், இரண்டாயிரத்தில் ஒன்று சரிவு. இந்த அளவில் கான்கிரீட் வடிகால் முழுதாக ஓடினால் நொடிக்கு சுமார் 0.54 கன மீட்டர் கடத்தும். மணிக்கு 60 மி.மீ. மழையில், கட்டடமும் சாலையுமான நிலத்தில் 80 சதவீதம் ஓடி வரும். அப்படிப் பார்த்தால் இந்த வடிகால் சுமார் 10 ஏக்கரின் தண்ணீரைத் தாங்கும். உள்ளே ஓரடி வண்டல் படிந்தால் 0.33-க்கு இறங்கிவிடும், அதாவது 6 ஏக்கர்தான். உங்கள் வடிகாலோடு எத்தனை தெரு இணைந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பத்து ஏக்கர் என்பது அதிகம் போனால் ஐந்தாறு தெரு. இதே பத்து ஏக்கர் வயலாக இருந்தபோது வரப்புக்குள்ளேயே அரை அடித் தண்ணீர், சுமார் 6,000 கன மீட்டர், நின்றிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

புது வடிகால் பொய்த்துப்போகும் காரணங்களைச் சொல்கிறேன். ஒன்று, இணைப்பு இல்லாமை. வெவ்வேறு ஒப்பந்தத்தில் கட்டிய இரண்டு துண்டுகளுக்கு நடுவே மின்கம்பமோ மரமோ தொலைபேசிக் கேபிளோ குறுக்கிட்டு 5 மீட்டர் விட்டுப்போயிருக்கும். இரண்டு, எதிர்ச்சரிவு. மேற்பகுதியைக் கட்டியவர் எடுத்த மட்டமும் கீழ்ப்பகுதியைக் கட்டியவர் எடுத்த மட்டமும் ஒரே குறியிலிருந்து வந்திருக்காது. மூன்று, சாலையிலிருந்து வடிகாலுக்குள் நீர் இறங்கும் துளைகள். பல இடங்களில் துளை சாலை மட்டத்துக்கு மேலே இருக்கும் அல்லது இலையும் பிளாஸ்டிக் பையும் அடைத்திருக்கும். சாலையில் தண்ணீர் நிற்கும்போது வடிகாலின் மூடியைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே காலியாக இருந்தால் பிரச்சினை துளைகளில். உள்ளேயும் நிறைந்து அசையாமல் நின்றால் பிரச்சினை கீழே, அதாவது சேரும் கால்வாயில். இந்த ஒரு சோதனையைப் படமெடுத்து இணைத்தால் மாநகராட்சிக்கு எழுதும் புகாரின் தரமே மாறிவிடும்.

கழிவுநீர் மேன்ஹோலைத் திறந்து மழைநீரை விடாதீர்கள். அந்தக் குழாய் மழைக்குக் கட்டியதில்லை. தாழ்வாக உள்ள வீட்டின் கழிவறைக்குள் அது மேலே வரும்.

மணலி புதுநகரிலிருந்து: தெற்கைப் பற்றியே பேசுகிறீர்கள் சார், வடக்கு?

நியாயம்தான். உங்கள் ஆறு கொசஸ்தலை. மேலே பூண்டி திறந்தால் கடைசியில் உங்களிடம்தான் வரும். அது எண்ணூர் கழிமுகத்தில் விரிந்து கடலில் சேர வேண்டிய இடத்தில் அனல்மின் நிலையச் சாம்பலும் தொழிற்சாலைக்காக உயர்த்திய நிலமும் இடத்தைப் பிடித்துக்கொண்டன. வேளச்சேரிக்கும் உங்களுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு: அங்கே உள்ளூர் மழை தேங்குகிறது, உங்களுக்கு வெளியூர் ஆறு வருகிறது. அதனால் உங்களுக்கு முன்னறிவிப்பு கிடைக்கும். பூண்டி திறப்பு அளவைக் கவனித்தால் வண்டியையும் பொருளையும் மேடேற்றப் பல மணி நேரம் இருக்கும். ஆற்றங்கரையில் உடைப்பு எடுக்கும் இடங்களை மழைக்கு முன் நடந்து பார்ப்பது உங்கள் சங்கம் செய்ய வேண்டிய முதல் வேலை.

ஒரு கல்லூரி மாணவி: எல்லா ஏரிகளையும் ஆழப்படுத்தினால் வெள்ளம் குறையும்தானே, சார்?

கோடைக் குடிநீருக்கு உதவும். வெள்ளத்துக்கு உதவுவது ஏரியின் ஆழம் அல்ல, மழை வரும் நேரத்தில் அதில் காலியாக இருக்கும் இடம். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளம் அக்டோபர் மழையிலேயே நிரம்பிவிடும், அதைத் தானாக வடிக்க வழியில்லை. நவம்பர் கடைசியில் பெருமழை வரும்போது அந்தப் பள்ளம் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

அளவையும் பாருங்கள். 55 ஏக்கர் ஏரியை ஒரு மீட்டர் ஆழப்படுத்தினால் 2.2 லட்சம் கன மீட்டர் கிடைக்கும். ஐந்து சதுர கி.மீ.யில் 30 செ.மீ. மழை என்றால் 15 லட்சம். கலங்கலில் ஷட்டர் வைத்து மழைக்கு முன் மட்டத்தை இறக்குவது, வரத்துக் கால்வாயையும் போக்குக் கால்வாயையும் மீட்பது, இரண்டுக்கும் செலவு குறைவு, பலன் அதிகம். ஆனால் தோண்டிய மண்ணை விற்கலாம். கால்வாயை மீட்டால் ஓட்டு போகும். எது நடக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே மாணவி: நெதர்லாந்து மாதிரி கரை கட்டி பம்ப் வைத்து இறைக்க முடியாதா?

அங்கே ஆண்டு மழை 800 மி.மீ. சொச்சம், வருடம் முழுக்கப் பரவிப் பெய்கிறது. தாழ்நிலப் பம்புகள் நாளொன்றுக்கு 10–15 மி.மீ. மழையை இறைக்கும் அளவில் இருந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடுகிறார்கள். மிச்சத்தைப் பரந்த வாய்க்கால்களில் தேக்கி வைக்கிறார்கள். சென்னையில் ஒரே நாளில் 200, 300 மி.மீ. பெய்யும். ஒரு சதுர கி.மீ.யில் 200 மி.மீ. மழையை அன்றைக்கே வெளியேற்ற நொடிக்கு 2.3 கன மீட்டர் வீதம் 24 மணி நேரமும் இறைக்க வேண்டும். ஐந்து மீட்டர் உயரத்துக்கு அதைத் தள்ள 100 குதிரைத்திறன் பம்புகள் மூன்று, ஒன்று கூடுதல் இருப்பு, மின்சாரம் போனால் ஜெனரேட்டர். சுரங்கப்பாதைக்கும் சின்னப் பள்ளத்துக்கும் சரி. ஒரு தாலுகாவுக்குச் சரிவராது. மேலும், இறைத்த தண்ணீரை எங்கே விடுவது? நிறைந்த கால்வாயில் விட்டால் அடுத்த தெருவுக்கு அனுப்பியதாகும்.

ஆதம்பாக்கத்திலிருந்து: சாலையை ஏற்றி ஏற்றி எங்கள் வீட்டுத் தரை இப்போது சாலையைவிட ஓரடி கீழே. என்ன செய்யலாம்?

பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டால் ஒவ்வொரு முறையும் 4–5 செ.மீ. ஏறும். ஆறு முறை போட்டால் ஓரடி. இனி சாலை போட வரும்போது மில்லிங் செய்து, அதாவது பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். இயந்திரம் வந்து நின்றபின் கேட்டால் பயனில்லை.

வீட்டுக்கு மூன்று வழி. முதலாவது, வாசலில் மேடு கட்டி வெளித் தண்ணீரைத் தடுப்பது. மலிவு. ஆனால் உங்கள் மொட்டை மாடித் தண்ணீர் உள்ளேயே மாட்டும். ஒரு கிரவுண்டில் (2,400 சதுர அடி) மணிக்கு 5 செ.மீ. மழை என்றால் சுமார் 11,000 லிட்டர். மாடிக் குழாய்களைச் சாலை மட்டத்துக்கு மேலேயே திருப்பி வெளியே விடுங்கள். தரையில் விழுவதற்கு மட்டும் குழி தோண்டி 1 குதிரைத்திறன் பம்ப் வைத்தால் போதும். வெளியே போகும் கழிவுக் குழாயில் திரும்புதடை வால்வு இல்லாமல் இந்த ஏற்பாடே வீண்.

இரண்டாவது, உள்ளே தரையை உயர்த்துவது. பத்தடி உயர அறையில் ஒன்றரை அடி போனால் கதவு, ஜன்னல், மின்விசிறி எல்லாம் மாறும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் கீழ்த்தளத்தை வண்டி நிறுத்த விட்டுவிட்டு மாடிக்குப் போவது இதைவிட நல்லது.

மூன்றாவது, ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குவது. செங்கல் சுவர் தாங்கும் பழைய வீடுகளுக்குப் பொருந்தும். சுவரின் அடியில் சிறு சிறு துண்டாக உடைத்து இரும்புச் சட்டமும் ஜாக்கியும் நெருக்கமாக வைத்து, எல்லா ஜாக்கியையும் ஒரே அளவில் சில மி.மீ. வீதம் திருகி ஏற்றுவார்கள். ஒரு மூலை முந்தினால் ஜன்னல் மூலையிலிருந்து குறுக்கு வெடிப்பு ஓடும். தரை கூட வராது என்பதை மறக்காதீர்கள். சுவர் மட்டும்தான் ஏறும், தரையை மண் நிரப்பிப் புதிதாகப் போட வேண்டும். தூண் வைத்த வீடுகளுக்குக் கட்டமைப்புப் பொறியாளரின் வரைபடம் இல்லாமல் தொடவிடாதீர்கள்.

மேடவாக்கத்திலிருந்து: காலி மனையை மூன்றடி உயர்த்தப் போகிறேன். எவ்வளவு மண் ஆகும்?

ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. மூன்றடிக்கு 7,200 கன அடி, அதாவது 72 யூனிட். தண்ணீர் விட்டு இறுக்கும்போது அடங்குவதால் 20–25 சதவீதம் சேர்த்து சுமார் 90 யூனிட் எடுங்கள். மூன்று யூனிட் டிப்பர் என்றால் 30 லோடு. ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. முக்கால் அடி, ஓரடி உயரத்துக்குப் பரப்பி, நனைத்து, ரோலரோ அதிர்வுத் தட்டோ ஓட்டியபின்தான் அடுத்த அடுக்கு. சவுடு மண் நிரப்பலாம், கட்டட இடிபாடுகள் வேண்டாம், இடையில் குழி விழும். அஸ்திவாரம் நிரப்பிய மண்ணில் நிற்கவே கூடாது, பழைய தரையையும் தாண்டி இறங்க வேண்டும். சதுப்பை ஒட்டிய களிமண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். மண் பரிசோதனை செய்துவிட்டு, தேவைப்பட்டால் பைல் (ஆழமாக இறக்கும் அஸ்திவாரத் தூண்) போடுங்கள்.

எதற்கு மேல் மூன்றடி என்பதையும் பாருங்கள். சாலையைவிட மூன்றடியா, 2015 தண்ணீர் நின்ற கோட்டைவிட மூன்றடியா? பின்னதுதான் கணக்கு. மனை மட்டும் உயர்ந்து சாலை தாழ்ந்திருந்தால் வீடு தப்பும், ஆனால் ஆம்புலன்ஸ் வராது. உங்கள் மனையிலிருந்து ஓடும் தண்ணீர் பக்கத்து மனைக்குள் போகாதபடி ஓரத்தில் வாய்க்கால் விடுவது சட்டச் சிக்கலையும் குறைக்கும்.

மடிப்பாக்கத்திலிருந்து: வெள்ளம் வடிந்ததும் சம்ப்பில் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) அழுக்குத் தண்ணீர். உடனே முழுதாக இறைத்துக் கழுவலாமா?

உடனே கூடாது. சுற்றிலும் நிலத்தடி நீர் தரைமட்டம் வரை நிற்கும்போது காலி சம்ப் மிதக்கப் பார்க்கும். 10,000 லிட்டர் சம்ப்பை நீர் மேல்நோக்கித் தள்ளும் விசை பத்து டன்னுக்கு மேல். அடிப்பலகை வெடிக்கும், குழாய் இணைப்பு முறியும். அருகே கிணறு இருந்தால் அதில் நீர்மட்டம் சம்ப்பின் அடிக்குக் கீழே இறங்கியதா என்று பாருங்கள். கிணறு இல்லாவிட்டால் சம்ப்பின் ஆழத்துக்கு ஒரு குழி போட்டுப் பார்க்கலாம். அதுவரை குடிக்க, சமைக்க லாரித் தண்ணீரை டிரம்மில் பிடித்துக்கொள்ளுங்கள். இறக்கும்போதும் ஒரே நாளில் காலி செய்யாமல் பாதிப் பாதியாக இறக்குங்கள். உள்ளே ஆள் இறங்கும் முன் மூடியைப் பல மணி நேரம் திறந்து வைத்துக் காற்றோட்டம் விட வேண்டும். தனியாக ஒருவர் இறங்கவே கூடாது, மேலே இன்னொருவர் கயிற்றோடு நிற்க வேண்டும். கழுவியபின் சம்ப் மூடியின் விளிம்பைச் சாலை மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்த்திக் கட்டிவிடுங்கள். ஒரு கொத்தனாருக்கு அரை நாள் வேலைதான்.